தெரியாது என்று ஒரு கட்டம்

என் ஆபரேஷன் தியேட்டரில் நான் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கூட என்னிடம் வார்த்தையை அளந்துதான் பேசுவார். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று என் மாமியார் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், நானும் மறுத்ததில்லை. அப்படிப்பட்ட என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, கத்தியும் பிடிக்காத ஊசியும் பிடிக்காத ஒருத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை வைத்துக்கொண்டு, "மாட்டேன்" என்றாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் அவள் இவள் என்றே எழுதிவிடுகிறேன். 'அவர்' போட்டு எழுதினால் முதலில் சிரிக்கப்போகிறவள் அவளாகத்தான் இருக்கும்.

எங்கள் மருத்துவமனையின் டெலிபோன் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். யார் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தைக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். பதறிக்கொண்டு பேசுகிறவரை ஒரு மாதிரியும், குடித்துவிட்டுப் பேசுகிறவரை ஒரு மாதிரியும் சமாளிப்பாள். பிறகு, ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று பேசும் மெஷின் வந்தது. இவளை எங்கே போடுவது என்று தெரியாமல், அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை முப்பதாம் நாள் கூப்பிட்டு, காயம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். அதற்கு டாக்டர் எவனுக்கும் பொறுமை கிடையாது, நான் உட்பட.

தியேட்டர் வராந்தாவின் கடைசியில், பழைய கருவிகள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். ஒரு ஜன்னல். ஒரு போன். கதவு சரியாகச் சாத்தாத ஒரு இரும்பு பீரோ. கிழிந்துபோன பச்சை தியேட்டர் துணியில் தானே மெத்தை தைத்து நாற்காலியில் போட்டுக்கொண்டாள். மேஜைமேல் ஒரு நீள நோட்டு. அதில் நோயாளிகளின் எண் மட்டும் இருக்காது. "காலையில் எடுக்க மாட்டார், கடை திறக்கும் நேரம்." "மருமகள் எடுத்தால் வைத்துவிடு, மகளிடம் கேள்." "இடது காது கேட்காது, சத்தமாகப் பேசு." இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு இருக்கும்.

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் நர்ஸுகள் அவளுக்கு உடும்பு என்று பேர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பேர்தான். ஆனால் ஒருநாள் தியேட்டர் இண்டர்காம் அடித்தது, எடுத்தேன். "டாக்டரம்மா, உடும்பு பேசுறேன். நாலாம் நம்பர் நோயாளியோட அட்ரஸ் தப்பா இருக்கு" என்றாள் அவளே. என் பின்னால் இரண்டு நர்ஸுகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குடலிறக்க ஆபரேஷனில், குடல் மறுபடி பிதுங்காமல் உள்ளே ஒரு வலையை வைத்து மூடியபின், மேல்தோலை நூலால் தைக்கலாம். இப்போது வந்திருக்கும் ஒருவகைப் பசையால் ஒட்டியும் விடலாம். எது நல்லது? இருநூற்று நாற்பது பேரை எடுத்தோம். சீட்டு எடுப்பதைப் போல, யாருக்கு எது என்பதை நாங்கள் முடிவு செய்யாமல் பாதிப் பேருக்கு நூல், பாதிப் பேருக்குப் பசை. முப்பது நாளுக்குள் எத்தனை பேருக்குக் காயத்தில் சீழ் வைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. அவ்வளவுதான்.

பசை எனக்குப் பிடித்திருந்தது. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், அது ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வேகமாக முடிகிறது. தழும்பு தெரிவதில்லை. தையல் பிரிக்க நோயாளி திரும்பி வர வேண்டியதில்லை. எங்கள் பிரிவுத் தலைவர், பெரியவர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டார். பல ஊர் டாக்டர்கள் கூடும் மாநாட்டில் இதைப் படித்துக்காட்டப் பேர் கொடுத்துவிட்டார். முடிவு வருவதற்கு முன்னாலேயே.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். அதை வடிவமைத்தவள் நான்தான். தாளின் கீழே இரண்டு கட்டங்கள்: 'நலம்', 'தொற்று'. அதற்குக் கீழே கூப்பிட்டவரின் கையெழுத்து. போனை எடுக்காதவர்களுக்கு நலம் என்று போட்டுவிடுவது எங்கள் பிரிவில் பல வருடப் பழக்கம். பிரச்னை என்றால் ஓடி வந்திருப்பார்களே, வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நானும் கேள்வி கேட்டதில்லை.

மாநாட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கட்டுக்கட்டாகத் தாள்கள் என் மேஜைக்கு வந்தன. பிரித்துப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதித்தது. பல தாள்களில், நான் போட்ட இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில், நீல மையால், அடிக்கோல் வைத்து, மூன்றாவதாக ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் 'தெரியாது'. அதற்குள் ஒரு டிக். எண்ணினேன். பசைப் பக்கத்தில் நாற்பத்தொன்று, தையல் பக்கத்தில் ஆறு.

கூப்பிட்டு அனுப்பினேன். அடிக்கோலோடு வந்தாள். கையில் ஏதோ வேலையாக இருந்தாளாம்.

"யாரைக் கேட்டு என் தாள்ல கட்டம் போட்டே?"

"யாரையும் கேக்கலைங்க. இடம் இருந்துச்சு, போட்டேன்."

"எடுக்காதவங்களுக்கு நலம்னு போடணும்னு உனக்குச் சொல்லலையா?"

"சொன்னீங்க. ஆனா அவங்க நலம்னு எனக்குத் தெரியாதுங்களே. ஒன்பது தடவை கூப்பிட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னுதானே எழுதணும்?"

"பிரச்னைன்னா வந்திருக்க மாட்டாங்களா?"

அவள் தாள்களை என் முன்னாலேயே இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தாள்.

"இது தையல். பத்தாம் நாள் பிரிக்க வர்றாங்க. நர்ஸம்மா பார்க்கிறாங்க. சிவந்திருந்தாலும் சீழ் இருந்தாலும் அங்கேயே எழுதிடறாங்க. இதுல பதினாலு பேருக்குத் தொற்று. சரிங்களா? இது பசை. இவங்களத் திரும்ப வர வேண்டாம்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? இதுல அஞ்சு பேருக்குத்தான் தொற்று. இவங்க காயத்தை யாரு டாக்டரம்மா பார்த்தா?"

"பார்க்கத் தேவையில்லைங்கறதுதானே பசையோட நல்லதே!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பார்க்காமலே நல்லதுன்னு எப்படிச் சொல்றோம்?"

பதில் வராதபோது நான் கத்துவேன், கத்தினேன். எல்லாத் தாளையும் திருத்திக் கொண்டு வா என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"மாட்டேன். கீழ என் கையெழுத்து இருக்கு."

விஷயம் பெரியவருக்குப் போனது. நான்தான் சொன்னேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் சிரித்துவிட்டு, "கூப்பிடறது அவ வேலை, முடிவு சொல்றது நம்ம வேலை. இந்த மாசக் கடைசிக்குள்ள திருத்தலைன்னா துணி ஸ்டோருக்கு மாத்திடுவோம்" என்றார். துணி ஸ்டோர் என்பது கீழ்த்தளத்தில், சலவைக்குப் போகும் போர்வைகளை எண்ணி வைக்கும் இடம். வெளிச்சம் கிடையாது. அங்கே போடப்பட்டவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. அது போதாதென்று மறுநாள் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டாள். போனை எடுக்காதவர்கள் மட்டுமல்ல, எடுத்து "நல்லா இருக்கேன்" என்று சொன்னவர்களையும் தன்னால் நம்ப முடியவில்லை என்றாள்.

"ஏன், எல்லாரும் பொய் சொல்றாங்களா?"

"பொய் இல்லைங்க. ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம், எப்படி இருக்கீங்கன்னா, வேற என்ன சொல்வாங்க? அது ஒரு மரியாதை. எங்க வீட்டுக்காரரையே எடுத்துக்குங்க."

அவள் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால், வேறொரு மருத்துவமனையில், குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த மனிதர், போனை வாங்கி "ஒரு குறையும் இல்லைங்க, ரொம்ப நல்லா இருக்கேன்" என்றாராம். இரண்டு நாள் கழித்து வண்டியில் பால் ஏற்றும் இடத்தில் சுருண்டு விழுந்தார். மறுபடி இரண்டு தடவை வயிற்றைத் திறந்தார்கள். பத்தொன்பது நாள் படுக்கை.

"அந்த ஆஸ்பத்திரித் தாள்ல அவரு இன்னிக்கும் நலம்தான் டாக்டரம்மா" என்றாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதனால் அவள் கேள்வியை மாற்றியிருந்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்பதையே விட்டுவிட்டாள். படிக்கட்டு ஏறும்போது கையை எங்கே வைக்கிறீர்கள்? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள்? உள்ளாடையில் கறை படுகிறதா, துவைக்கிறவரிடம் போனைக் கொடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்ப்பாளாம். எந்தக் கேள்விக்கு அவர் "நல்லா இருக்கேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லையோ அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாம், வாங்க" என்றாள். "பெயிண்டர் ஒருத்தரு. அவருக்கு நலம்னு டிக் போட்டது நான்தான். உங்களுக்கு வணக்கம் எல்லாம் சொல்லி விட்டாரு. நேத்துத் திரும்பக் கூப்பிட்டு, படிக்கட்டுல கையை எங்க வைப்பீங்கன்னு கேட்டேன். சத்தமே இல்ல. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு."

"நோயாளி வீட்டுக்கெல்லாம் நாம போக முடியாது. அதுக்கு விதி இருக்கு."

ஆய்வில் சேரும்போது நோயாளிகள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அதை நீட்டினாள். ஏழாவது வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. 'தேவைப்பட்டால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து காயத்தைப் பார்க்கச் சம்மதிக்கிறேன்.'

"நீங்க எழுதின வரிதான்" என்றாள்.

அவள் வாயை அடைக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பெயிண்டரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அருமையாக ஒட்டிய காயம். அதைக் காட்டிவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே அவள் கையால் நாற்பத்தொரு தாளையும் திருத்த வைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

போகும் வழியில் அவள் வீட்டில் இறங்கினேன். இரண்டு அறை. முன்னறையில் பாதியைக் காலி பால் பெட்டிகள் அடைத்திருந்தன; அவள் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பால் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். பெரிய மீசை, மெல்லிய குரல். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன், வாய்ப்பழக்கம்.

"ரொம்ப நல்லா இருக்கேங்க."

உள்ளே இருந்து அவள் குரல் வந்தது. "முட்டி வலின்னு காலையிலதான் தைலம் தேய்ச்சு விட்டேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இவகிட்ட வாயைத் திறக்க முடியாதுங்க" என்றார். பிறகு, தன் வேனிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிச் சாவியை எடுத்தார்.

பெயிண்டர் வீடு மூன்றாவது மாடி. வெளிப்பக்கம் இரும்புப் படி. நாங்கள் வருவதை அவள் முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால், அந்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் கூப்பினார்.

"காயத்தைக் காட்டுங்க" என்றேன்.

"ஐயோ, எதுக்குங்க டாக்டரம்மா. எல்லாம் நல்லா இருக்கு. உங்க கை பட்டது, கெடுமா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொடியில் வரிசையாகத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. சின்னச் சின்னதாகக் கிழித்து மடித்த துண்டுகள். துவைத்தும் போகாத மஞ்சள் கறை எல்லாவற்றிலும்.

பெயிண்டரின் மனைவி அடுப்பை விட்டு நகராமல், சுவரைப் பார்த்துப் பேசுவதுபோலச் சொன்னாள். "நல்லா இருக்காராம். தினமும் மூணு துண்டு அலசறது நான்."

படுக்க வைத்துப் பார்த்தேன். வேட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்ததுமே வாடை வந்தது. மேலே தோல் அழகாகத்தான் ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் சின்னத் துளை. அழுத்தினால் சீழ். ஆபரேஷன் ஆகி ஐம்பத்திரண்டு நாள். முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே வடிய ஆரம்பித்துவிட்டதாக மனைவி சொன்னாள். முப்பதாம் நாள் போன் வந்தபோது அவர் இதே கட்டிலில், இதே துண்டோடு உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன்யா சொல்லலை? உள்ள வலை வச்சிருக்கேன், அதுவரைக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். தலையை நிமிர்த்தவில்லை.

"முதுகுல ஊசி போடும்போது பயந்துட்டேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அவ்வளவு பெரிய டாக்டரம்மா... போன்ல பேசினவங்க, எழுதிக்கறேன்னு சொன்னாங்க. என்னால உங்களுக்கு ஒரு கெட்ட பேரு எழுதிடுவாங்களோன்னு..."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. முப்பது வருடத்தில் எத்தனை பேர் என்மீது வைத்த மரியாதைக்காக இப்படித் துண்டு மடித்து வைத்துக்கொண்டு நலம் என்று சொல்லியிருப்பார்களோ, அதை வைத்து நான் எத்தனை கூட்டத்தில் மார்தட்டியிருப்பேனோ என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பையிலிருந்து பெயிண்டரின் தாளை எடுத்து, நலத்தில் இருந்த டிக்கை ஒரே கோட்டால் அடித்து, தொற்றில் டிக் போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டாள். பிறகு, "வேன் கீழ நிக்குது. இப்பவே கூட்டிட்டுப் போயிடலாங்களா?" என்றாள்.

அன்றே காயத்தைத் திறந்து கழுவினேன். வலை தப்பியது. ஆளும் தப்பினார். ஒரு மாதத்தில் பழையபடி ஏணி ஏறிவிட்டார் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவரையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் அவள் அறைக்கு நானே போனேன். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அந்தப் பச்சை மெத்தை நாற்காலியைத் தவிர உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே பேசினேன்.

"நாற்பத்தொரு பேரையும் கண்டுபிடிக்கணும். ஆனா ஒண்ணு. பசையை மட்டும் துருவித் துருவிப் பார்த்தா அதுவும் அநியாயம். தையல் பக்கத்துலயும் அதே அளவுக்குத் தேடணும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கேள்வி."

"அதை நேத்து சாயங்காலமே ஆரம்பிச்சிட்டேன்" என்றாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். பால் போட்டு முடித்த வேனில், பெட்டிகளுக்கு நடுவே நான். இருநூற்று நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டாள். பேச்சில் தயக்கம் தெரிந்தவர்கள் வீட்டுக்கும், போனே எடுக்காதவர்கள் வீட்டுக்கும் போனோம். சிலர் வீடு மாறியிருந்தார்கள். ஒருவர் நாங்கள் கடனை வசூலிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தார். பலர் உண்மையிலேயே நன்றாக இருந்தார்கள்; எங்களை எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். சிலர் தெருமுனைக் கிளினிக்கில் காயத்தைக் காட்டி மருந்து சாப்பிட்டிருந்தார்கள். அந்தச் சீட்டில் தேதி இருந்தது. முப்பது நாளுக்குள் விழுந்ததை மட்டும் கணக்கில் எடுத்தோம்.

பசைப் பக்கத்தில் போனை எடுக்காத நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேரைப் பிடித்தோம்; ஏழு பேருக்குத் தொற்று. நல்லா இருக்கேன் என்று சொன்னவர்களில் இன்னும் நாலு பேர், பெயிண்டரையும் சேர்த்து. முதலிலேயே தெரிந்த ஐந்தோடு சேர்த்தால் பதினாறு. தையல் பக்கத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் கிடைத்தார்கள், ஒருவருக்குத் தொற்று. நல்லா இருக்கேன் என்றவர்களில் புதிதாக யாரும் அகப்படவில்லை. முதலில் தெரிந்த பதினாலோடு மொத்தம் பதினைந்து.

பதினைந்தும் பதினாறும். பசை ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. நான் அவ்வளவு ஆசைப்பட்ட பசை, நூலைப் போல இன்னொன்று. அவ்வளவுதான்.

பெரியவர் எங்கள் இருவரையும் அறைக்கு வரச் சொன்னார். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு மூலையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசினார்.

"உன்னால இந்த ஆய்வே பாழாப் போச்சு."

"ஆய்வு பாழாகலைங்க சார். முடிவுதான் மாறியிருக்கு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இன்னும் தெரியாதுன்னு நாலு பேரு இருக்காங்களே, அது என்ன? படிக்கும்போது அசிங்கமா இருக்கும். நாலு பேருதானே, நலம்னு போட்டு முடி."

"மாட்டேங்க."

"நாலு பேரால முடிவு மாறப்போறதில்லை."

"மாறாதுங்க. ஆனா அவங்க எப்படி இருக்காங்கன்னு நமக்குத் தெரியாதே."

"அப்போ நாளையிலருந்து துணி ஸ்டோர்."

"சரிங்க சார். அங்கயும் போன் இருக்கு" என்றாள்.

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. அறிக்கையை என் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினார். "நீங்க அந்த நாலையும் திருத்தி, கையெழுத்துப் போடுங்க டாக்டர். முதல் பேரு உங்களுதுதான். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

பேனாவை வாங்கினேன். பெயிண்டர் வீட்டு ஜன்னலில் தொங்கிய துண்டுகள் நினைவுக்கு வந்தன. பேனாவை மூடி அவர் மேஜைமேலேயே வைத்தேன்.

"நானும் மாட்டேன் சார். இப்படியே போகுதுன்னா போடறேன். திருத்தணும்னா என் பேரை எடுத்துடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு மாநாட்டுல கேட்டா, அதுக்கும் நானே வந்து பதில் சொல்றேன்."

"உங்களுக்கும் உடும்பு ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"ஆமாம் சார்."

அவள் அப்போதுதான் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளைத் துணி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பட்டியலில் என் பேரும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வாரம் வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன். கீழ்த்தளத்தில் அவள் போர்வை எண்ணிய நேரம் போக மற்ற நேரத்தில், அங்கிருந்த போனில், அந்த நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மேலே அவள் நாற்காலியில் உட்கார வந்த புதுப்பெண்ணுக்கு இண்டர்காமில் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்ததும் அங்கிருந்துதான்.

மாநாட்டில் பெரியவர் அறிக்கையை, வேறு வழியில்லாமல், இருந்தபடியே படித்தார். நானும் போயிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்கிற முடிவுக்கு யார் கைதட்டுவார்கள்? அப்போது பின்வரிசையில் ஒரு டாக்டர் எழுந்தார். "எங்க ஆய்வுல பாதிப்பேரு பதிலே சொல்றதில்லை. நாங்களும் நலம்னுதான் போடறோம். இருநூற்று நாற்பதுல நாலு பேர் மட்டும் தெரியாதுன்னா, மத்தவங்களை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

பெரியவர் தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "எங்ககிட்ட ஒரு அம்மா இருக்காங்க." அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து போய் மைக்கை வாங்கி மீதியை நான் சொன்னேன். பால் வேன், படிக்கட்டுக் கேள்வி, துவைக்கிறவரிடம் போனைக் கொடுங்கள் என்பது வரை. அவள் இப்போது துணி ஸ்டோரில் இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அன்று மாலைக்குள் ஏழு மருத்துவமனைக்காரர்கள் அந்தத் தாளின் பிரதியைக் கேட்டார்கள். அடுத்த வாரம் அவள் மேலே வந்துவிட்டாள். பச்சை மெத்தையைக் கையோடு கீழே எடுத்துப் போயிருந்தவள், கையோடு கொண்டுவந்தாள். பெரியவர் வராந்தாவில் எதிரே வந்தபோது, "வந்துட்டியா" என்றார். "ஆமாங்க சார். நாலு பேருல ஒருத்தர் கிடைச்சிட்டாரு. நல்லாத்தான் இருக்காரு, நேர்ல போய்ப் பார்த்தேன்" என்றாள் அவள்.

போன வாரம் அச்சகத்திலிருந்து புதுத் தாள்கள் வந்தன. எங்களுக்கு மட்டுமில்லை, கேட்ட ஏழு இடத்துக்கும் சேர்த்து. மாதிரிக்கு நான் கொடுத்து அனுப்பியது அவள் கையால் கட்டம் போட்ட பழைய தாள். அச்சகத்தார் அதை அப்படியே படம் பிடித்து அடித்துவிட்டார்கள். நலம், தொற்று இரண்டும் நேராக இருந்தன. மூன்றாவது கட்டம் மட்டும் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பக்கத்தில் அந்தக் குண்டு எழுத்தில் 'தெரியாது'.

கட்டைப் பிரித்ததுமே ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க இது, இவ்வளவு கோணலா இருக்கு! அன்னிக்கு அவசரத்துல போட்டது. வெளி ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகுது, மானம் போயிடும். திருப்பி நேரா அடிக்கச் சொல்லுங்க டாக்டரம்மா."

"மாட்டேன்" என்றேன்.